புல்லில் இருந்த பூஞ்சை கோதுமைக்கு வந்தது எப்படி

ஒரு பிளாஸ்டிக் கவர்ஸ்லிப்பின் மேல் ஒரு சொட்டு நீர். அதற்குள் நெல் குலைநோய்ப் பூஞ்சையின் வித்துகள், ஓரிரு ஆயிரம் இருக்கும். தாவர நோயியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மாலை இதைத் தயார் செய்து, ஈரத்தாள் விரித்த பெட்ரி தட்டுக்குள் மூடி வைத்துவிட்டு, மணிக்கொரு தரம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வித்து ஒவ்வொன்றும் பேரிக்காய் வடிவம், உள்ளே மூன்று அறைகள். இரண்டு மணி நேரத்தில் ஒரு முனையிலிருந்து மெல்லிய முளைக்குழாய் கிளம்பியது. கொஞ்ச தூரம்தான் போயிற்று. அப்புறம் அதன் நுனி வளைந்து, தட்டையாகி, வீங்க ஆரம்பித்தது. மறுநாள் காலை பார்த்தபோது அந்த வீக்கம் கறுத்து, உறுதியான ஒரு குவிமாடமாக நின்றது. வித்து வெறும் உறையாகச் சுருங்கிக் கிடந்தது. தன்னிடம் இருந்ததையெல்லாம் குவிமாடத்துக்குக் கொடுத்துவிட்டு அது செத்துப்போயிருந்தது.

அந்தக் குவிமாடத்துக்கு அப்ரசோரியம் என்று பெயர். பூஞ்சை அதற்குள் கிளிசரால் சேர்க்கிறது. கறுப்பு நிறம் தரும் மெலனின் படலம் கிளிசராலை வெளியே விடாது, நீரை மட்டும் உள்ளே விடும். நீர் புகுந்து புகுந்து அழுத்தம் 80 வளிமண்டல அளவுக்கு ஏறுகிறது. கார் சக்கரத்தில் அடைக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு. அந்த அழுத்தம் முழுக்க அடியில் உள்ள ஊசிமுனை போன்ற முளையில் குவிந்து, இலையின் மேல்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. கடினமான பிளாஸ்டிக் படலத்தைக்கூட இது துளைக்கும் என்று 1991இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நெல்லுக்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து மெலனின் உண்டாவதைத்தான் தடுக்கிறது. பூஞ்சையை அது நேராகக் கொல்வதில்லை. படலம் இல்லாத குவிமாடத்தில் அழுத்தம் நிற்காது, இலைக்குள் நுழைய முடியாது, அவ்வளவுதான்.

என்னை உலுக்கிய விஷயம் வேறு. அங்கே இலையே இல்லை. பிளாஸ்டிக் இலையைப் போல நீர் ஒட்டாததாக, கெட்டியாக இருந்தது. சொட்டு நீரில் சாப்பிட எதுவும் இல்லை. இந்த இரண்டு குறிப்புகள் போதும், பூஞ்சை தன் உயிரையே வைத்து இறங்கிவிடுகிறது. அதே சொட்டில் சத்துள்ள கரைசலை விட்டால் பெரும்பாலும் குவிமாடம் எழும்பாது, இழைகள் சும்மா வளர்ந்துகொண்டே போகும். இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்று காலை மனதில் விழுந்தது. இன்றுவரை அது என்னை விடவில்லை.

நோய் உண்டாக்குவதற்கென்றே பூஞ்சை ஒரு ஆயுதக் கிடங்கைப் புதிதாகக் கட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பொருள்கள் பெரும்பாலும் பழையவை. மெலனின் எத்தனையோ பூஞ்சைகளில் வெயிலுக்கும் வறட்சிக்கும் கவசமாக இருக்கிறது. கிளிசரால் சேர்ப்பது உப்பு மிகுந்த சூழலைத் தாங்க ஈஸ்ட் செய்கிற வேலை. அப்ரசோரியம் கட்டு என்று உத்தரவு கொடுக்கும் பிஎம்கே1 மரபணு, ஈஸ்ட் செல் இணை சேரப் பயன்படுத்தும் மரபணுவின் நெருங்கிய உறவு. 1996இல் வந்த ஆய்வில், இணை சேரும் திறனை இழந்த ஈஸ்டுக்குள் குலைநோய்ப் பூஞ்சையின் இந்த மரபணுவை வைத்தபோது அந்தக் குறை சரியாயிற்று. இந்த மரபணு இல்லாத குலைநோய்ப் பூஞ்சையோ அப்ரசோரியமே கட்டாது. இணை தேடப் பயன்பட்ட சமிக்ஞைப் பாதைதான் இங்கே இலையைத் துளைக்கப் பயன்படுகிறது.

பூஞ்சைக்கும் தாவரத்துக்கும் உறவு அவ்வளவு பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆரம்பகாலத் தரைத் தாவரங்கள் பாறைக்குள் அப்படியே பதிந்திருக்கின்றன. அவற்றின் செல்களுக்குள்ளேயே பூஞ்சைகள் இருக்கின்றன. வேர் நன்றாக உருவாவதற்கு முன்பே பூஞ்சை உள்ளே குடியேறிவிட்டது. இன்றும் நோயில்லாத எந்தச் செடியின் இலையை எடுத்து, மேற்பரப்பைச் சுத்தம் செய்து, வளர்தட்டில் வைத்தாலும் சில நாட்களில் உள்ளிருந்து பூஞ்சை இழைகள் கிளம்பும். செடிக்குத் தொந்தரவு தராமல் உள்ளே இருந்தவை அவை.

அந்த அமைதிக்கும் நோய்க்கும் நடுவில் எவ்வளவு தூரம்? சில இடங்களில் ஒரே ஒரு மரபணு தூரம்தான். வெள்ளரிக் குடும்பத்துச் செடிகளைக் கொல்லும் ஒரு கொலட்டோட்ரைக்கம் பூஞ்சையில் ஒற்றைப் பிறழ்வை உண்டாக்கியபோது, அது செடிக்குள் சத்தமில்லாமல் வாழும் குடித்தனக்காரனாக மாறிவிட்டது. நோய் வரவில்லை. அசல் நோய்ப்பூஞ்சையிடமிருந்து அந்தச் செடியை அது காப்பாற்றவும் செய்தது. இது 1993இல் வந்த முடிவு. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ரைப்புல்லுக்குள் நட்பாக வாழும் எபிக்ளோயி என்ற பூஞ்சையில், தன் வளர்ச்சியை அடக்கி வைக்க உதவும் ஒரு மரபணுவை 2006இல் ஆய்வாளர்கள் செயலிழக்கச் செய்தார்கள். பூஞ்சை கட்டுமீறி வளர்ந்தது, புல் குட்டையாகி வாடிச் செத்தது. பூஞ்சையின் உடம்பில் புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்த ஒன்று போனதுதான் நடந்தது.

இந்த விஷயத்தில் என் எண்ணத்தை அடியோடு மாற்றிய செய்தி இதுதான். நோய் உண்டாக்கும் திறன் என்றாலே எதையோ சம்பாதிப்பது என்று நாம் நினைக்கிறோம். நிறைய நேரங்களில் அது எதையோ தொலைப்பதால் வருகிறது.

வளர்தட்டில் பூஞ்சை வளர்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். செடியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையை ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தேன். தட்டில் பஞ்சுபோல அழகாக வளர்ந்தது. ஒருநாள் நாற்றின் மேல் தெளித்தால் இலையில் ஒன்றிரண்டு பழுப்புப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று கலங்கினேன். எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “தட்டுல சுகமா இருந்து பழகிடுச்சுப்பா, திரும்பச் செடியில ஏத்தி எடு” என்றார். அந்தப் புள்ளியிலிருந்தே மறுபடி பிரித்தெடுத்து, இரண்டு முறை செடியில் ஏற்றிய பின் பழைய வேகம் வந்தது. சத்து நிறைந்த தட்டில் நோய் உண்டாக்கும் திறனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாததைக் காப்பாற்றி வைக்க இயற்கையில் யாரும் இல்லை.

பட்டாணியைத் தாக்கும் ஒரு ஃபியூசேரியம் வகையில் இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரியே காட்டியிருக்கிறார்கள். பட்டாணிச் செடி பூஞ்சையைத் தடுக்க பிசாட்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதைச் செயலிழக்கச் செய்யும் மரபணு அந்தப் பூஞ்சையின் சின்னஞ்சிறு குரோமோசோம் ஒன்றில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் முழுவதுமே தொலைந்துபோனாலும் பூஞ்சை தட்டில் குறையில்லாமல் வளர்கிறது. பட்டாணியின் முன்னால் மட்டும் தோற்கிறது. கோதுமையின் இலைப்புள்ளிப் பூஞ்சையான சைமோசெப்டோரியாவில் 21 குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் 8 இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உயிர்வாழும்.

சரி, தொலைப்பதால் நோய் எப்படி வரும்? இதற்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹரால்ட் ஃபுளோர் செய்த வேலைக்குப் போக வேண்டும். அவர் ஆளிச்செடியையும் அதைத் தாக்கும் துருப்பூஞ்சையையும் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் செடியின் எதிர்ப்புத்திறன் எப்படி மரபுவழி வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் செடியையும் இனக்கலப்பு செய்தார், பூஞ்சையையும் இனக்கலப்பு செய்தார். 1940களில் வெளிவந்த முடிவு இது: செடியில் எதிர்ப்புத்திறன் தரும் மரபணு ஒவ்வொன்றுக்கும் ஈடாகப் பூஞ்சையில் ஒரு மரபணு இருக்கிறது. பூஞ்சையின் மரபணு நல்ல நிலையில் இருந்தால் செடி அதை அடையாளம் கண்டுகொள்ளும், தொற்று நின்றுவிடும். அந்த மரபணு கெட்டுப்போனால் செடிக்கு ஆளைத் தெரியாது.

பூஞ்சை செடிக்குள் நுழையும்போது நூற்றுக்கணக்கான சிறு புரதங்களைச் சுரக்கிறது. செடியின் தற்காப்பை மந்தப்படுத்துவது அவற்றின் வேலை. செடி பரிணாமத்தில் அவற்றில் சிலவற்றை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டது. மோப்பம் பிடித்த உடனே தொற்று விழுந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்துவிடும். உயிருள்ள செல்லில்தான் பிழைக்க முடியும் என்கிற பூஞ்சைக்கு அதோடு கதை முடிந்தது. ஆகவே ஒரு பூஞ்சை ஒரு பயிருக்கு வராமல் இருப்பதற்குக் காரணம், அதன் கையில் இருக்கும் ஒரே ஒரு புரதம் அதைப் பயிரிடம் காட்டிக்கொடுப்பதாகவே இருக்கலாம். அந்தப் புரதத்தைக் கைவிட்டால் கதவு திறந்துவிடும்.

கோதுமைக் குலைநோயின் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. நெல்லைத் தாக்கும் அதே பூஞ்சை இனத்துக்குள் தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. ஒன்று நெல்லில் வாழும், ஒன்று தினையில், ஒன்று கேழ்வரகில், ஒன்று லோலியம் என்னும் ரைப்புல்லில். நெல் குடும்பமே தினைக் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்தது என்று மரபணு ஒப்பீடுகள் சொல்கின்றன. கோதுமை இவற்றில் எதற்கும் வீடாக இருந்ததில்லை. 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கோதுமைக் கதிர்கள் நுனியிலிருந்து வெளுத்துப் பதராயின. தண்டில் கதிர் தொடங்கும் இடத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டால் அதற்கு மேலே நீரும் சத்தும் போகாது. தூரத்திலிருந்து பார்த்தால் விளைந்து முற்றிய வயல் போலத் தெரியும். கையில் எடுத்துக் கசக்கினால் உமிதான்.

ஏன் அப்போது, ஏன் அங்கே என்பதற்கான பதில் 2017இல் கிடைத்தது. பெரும்பாலான கோதுமை ரகங்களில் ஒரு காவல் மரபணு இருக்கிறது. புல்லில் வாழும் குடும்பம் சுரக்கும் ஒரு புரதத்தை அது அடையாளம் கண்டு தடுத்துவிடும். கோதுமை எத்தனையோ காலமாகப் புல்லுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் நோய் தாவாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1980களின் தொடக்கத்தில் பிரேசிலில் அனாவாக் என்ற ரகம் பரவலாகப் பயிரானது. அதில் அந்தக் காவல் மரபணு இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அப்படி ஒரு காவல் இருப்பதே தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை. எதிர்கொள்ளாத நோய்க்கு எதிரான காவலை எந்தச் சோதனை வயலில் பார்க்க முடியும்? புல்லிலிருந்த பூஞ்சைக்கு மாறாமலேயே கோதுமைக்குள் போக ஒரு படிக்கட்டு கிடைத்தது. அங்கே நின்று பெருகி, பக்கத்து வயல்களில் இருந்த காவல் உள்ள ரகங்களின் மேலும் கோடிக்கணக்கில் வித்துகளைத் தூவிக்கொண்டிருந்தது. அத்தனை கோடியில் ஏதோ ஒன்றில் அந்தக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் மரபணு உடைந்திருந்தது. இப்போது இரண்டு வகைக் கோதுமையும் அதற்கு வீடாகிவிட்டது. வெவ்வேறு புற்களில் வாழ்ந்த குடும்பங்கள் தங்களுக்குள் கலந்ததும் இதில் சேர்ந்திருக்கிறது என்று பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

2016 பிப்ரவரியில் அது வங்கதேசத்தில் தென்பட்டது. சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமை பாதிக்கப்பட்டது. நோயுற்ற இலைகளிலிருந்து எடுத்த மரபணுத் தகவலை ஆய்வாளர்கள் உடனுக்குடன் பொதுவெளியில் வைத்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து பலர் ஒப்பிட்டுப் பார்த்து, இது உள்ளூர் நெல் பூஞ்சை தாவியது இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சில வாரங்களில் சொல்லிவிட்டார்கள். பிறகு ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவிலும் கண்டார்கள்.

அந்த மரபணுவை உடைத்தது எது என்பதும் சொல்ல வேண்டிய செய்தி. பூஞ்சையின் மரபுத்தொகுப்பில் தாவும் மரபணுக்கள் நிறைய உண்டு. தன்னைத் தானே நகலெடுத்து எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்ளும் துண்டுகள் அவை. கோதுமைக் குலைநோய்ப் பூஞ்சையில், காட்டிக்கொடுக்கும் புரதத்தின் மரபணுவுக்குள் அப்படி ஒரு துண்டு புகுந்திருந்ததைக் கண்டார்கள். செடியோடு மோதும் புரதங்களின் மரபணுக்கள் பெரும்பாலும் இத்தகைய துண்டுகள் மண்டிக் கிடக்கும் பகுதிகளில்தான் இருக்கின்றன. சுவாசம், செல் பிரிதல் போன்ற வீட்டு வேலை மரபணுக்கள் அமைதியான பகுதிகளில் இருக்கின்றன. ஒரே உயிருக்குள் ஒரு பகுதி மெதுவாகவும் இன்னொரு பகுதி வேகமாகவும் மாறுகிறது. சாம்பல் நோய்ப் பூஞ்சை இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் மரபுத்தொகுப்பு தாவும் துண்டுகளால் ஊதிப் பெருத்திருக்கிறது. ஆனால் நைட்ரேட்டை உணவாக மாற்றுவது போன்ற அடிப்படை வேலைகளுக்கான மரபணுக்களையே அது தொலைத்துவிட்டது. செடி எல்லாவற்றையும் ஊட்டுகிறது, தானாகச் சமைக்க அவசியமில்லை. அதனால்தான் அதைத் தட்டில் வளர்க்கவே முடியாது.

உருளைக்கிழங்கைத் தாக்கி அயர்லாந்தில் 1845இலிருந்து பஞ்சத்தைக் கொண்டுவந்த கருகல் நோயைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது பூஞ்சை போலவே இழையாக வளர்ந்தாலும் பூஞ்சை அல்ல, நீர்ப்பாசிகளுக்கு உறவான வேறொரு குலம். அதனால் அதை இங்கே தொடவில்லை.

இதுவரை சொன்னது உயிருள்ள செல்லை நம்பியிருக்கும் பூஞ்சைகளின் வழி. செத்த செல்லைத் தின்று வாழும் பூஞ்சைகளுக்குக் கணக்கு தலைகீழ். செடியின் செல் தற்கொலை செய்துகொண்டால் அவற்றுக்கு விருந்து. அப்படியானால் செடியின் மோப்ப மரபணுவையே தூண்டிவிட்டால் என்ன?

1940களில் அமெரிக்க ஓட்ஸ் வயல்களில் அது நடந்தது. உருகுவேயிலிருந்து வந்த விக்டோரியா என்ற ரகம் துரு நோயை நன்றாகத் தாங்கியது. அதன் வழிவந்த ரகங்கள் பெரும்பரப்பில் பயிராயின. 1946 வாக்கில் அந்த ரகங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்கும் புதிய கருகல் நோய் வந்தது. அதற்குக் காரணமான பூஞ்சை விக்டோரின் என்ற நச்சைச் சுரக்கிறது. துருவை எதிர்க்கும் மரபணுவையும் இந்த நச்சுக்கு இடம்கொடுக்கும் மரபணுவையும் பிரித்தெடுக்க எவ்வளவோ முயன்றார்கள், முடியவில்லை. காவல்காரனையே நச்சு எழுப்பிவிடுகிறது, அவன் வீட்டைக் கொளுத்துகிறான். துருவுக்காக நட்ட ரகமே கருகலுக்கு வழி.

மக்காச்சோளத்தில் நடந்தது இதைவிடப் பெரியது. நான் மாணவர்களிடம் பேசக் கிடைக்கும்போதெல்லாம் இதை விவரமாகச் சொல்வேன். வீரிய ஒட்டு விதை உற்பத்தி செய்ய வேண்டுமென்றால் தாய்ச் செடியின் உச்சியில் வரும் ஆண் பூங்கொத்தை மகரந்தம் கொட்டுவதற்கு முன் ஒடித்துவிட வேண்டும். லட்சக்கணக்கான செடிகள், ஒவ்வொன்றாகக் கையால். டெக்சாஸில் கிடைத்த ஒரு தாய்வழி இந்த வேலையையே இல்லாமல் ஆக்கியது. அதில் ஆண் பூ இருக்கும், மகரந்தம் மலடாக இருக்கும். அந்தத் தன்மை செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்ததால் தாய்வழியாகத் தவறாமல் வந்தது. விதை உற்பத்தியாளர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். 1970இல் அமெரிக்காவில் விதைத்த மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்தத் தாய்வழியைக் கொண்டதாக இருந்தது. மேலே பல ரகப் பெயர்கள், உள்ளே ஒரே மைட்டோகாண்ட்ரியா.

இலைக்கருகல் பூஞ்சை அதற்கு முன்பும் இருந்தது. சிறு கீற்றுகளாக இலையில் விழும், யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. டெக்சாஸ் வழிச் செடிகளுக்கு இந்த நோய் அதிகமாக வருகிறது என்று பிலிப்பைன்ஸில் 1961லேயே எழுதினார்கள். அது ஈரமான வெப்ப நாட்டுச் சிக்கல் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 1970இன் தொடக்கத்தில் பிளோரிடாவில் தொடங்கிய கருகல், ஈரக்காற்றோடு வடக்கே ஏறி, கோடை முடிவதற்குள் மக்காச்சோள மாநிலங்களைக் கடந்தது. இலை, மடல், கதிர் எல்லாம் கருகின. நாடு முழுக்கக் கணக்கிட்டால் விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று, மதிப்பில் சுமார் 100 கோடி டாலர். தெற்கில் சில வயல்களில் அறுக்க ஒன்றுமே இல்லை.

அந்தப் புதிய பூஞ்சை இனத்தின் மரபுத்தொகுப்பில் பழைய இனத்தில் இல்லாத மரபணுக்கள் கூடுதலாக இருந்தன. அவை ஒரு நச்சைத் தயாரித்தன. நச்சு போய் ஒட்டும் இடம் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு புரதம். ஒட்டியதும் அந்தச் சவ்வில் ஓட்டை விழும், செல்லின் ஆற்றல் ஒழுகிப்போகும். அந்தப் புரதம் எது தெரியுமா? மகரந்தத்தை மலடாக்கிய அதே புரதம். சாதாரண மக்காச்சோளத்தில் அது கிடையாது, அதனால் இந்த நச்சு அங்கே ஒன்றும் செய்யாது. இந்தப் பூஞ்சையின் திறன் பூஞ்சைக்குள் மட்டும் இல்லை. பாதி அதனிடம், மீதிப் பாதி நாம் விதைத்த விதையில். வகுப்பில் ‘நோய் முக்கோணம்’ என்று கரும்பலகையில் வரைவோம், நோய்க்கிருமி, செடி, சூழல் என்று மூன்று மூலைகள். 1970ஐப் படித்த பிறகு அந்தச் செடி என்ற மூலையில் விதைத்த மனிதரையும் சேர்த்துத்தான் என்னால் பார்க்க முடிகிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பழைய தாய்வழிக்கே திரும்பினார்கள். ஆண் பூங்கொத்தை மறுபடி கையால் ஒடித்தார்கள்.

கூடுதல் மரபணுக்கள் என்றேன். பூஞ்சை அவற்றை எங்கிருந்து பெறும்? சில நேரம் அக்கம்பக்கத்திலிருந்துதான். கோதுமை இலையில் பழுப்புப் புள்ளி உண்டாக்கும் ஒரு பூஞ்சை 1940களுக்கு முன்வரை பெரிய தொல்லையாகப் பேசப்பட்டதில்லை. அதன் டாக்ஸ்ஏ என்ற நச்சு மரபணுவை 2006இல் ஆராய்ந்தபோது, கோதுமையைத் தாக்கும் வேறொரு பூஞ்சையின் மரபணுவோடு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. மற்ற மரபணுக்கள் அப்படி ஒத்துப்போகவில்லை. இது தாத்தா வழிச் சொத்து அல்ல, ஒரே இலையில் வாழ்ந்த அயலாரிடமிருந்து துண்டாக வந்தது என்று முடிவு செய்தார்கள். பின்னாளில் மூன்றாவது பூஞ்சை ஒன்றிலும் அதைக் கண்டார்கள். கோதுமையில் அந்த நச்சுக்கு இடம்கொடுக்கும் மரபணுவும் பார்வைக்கு எதிர்ப்புத்திறன் மரபணு மாதிரியேதான் இருக்கிறது.

ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் துண்டோடு நிற்கவில்லை, முழுக் குரோமோசோமையே கடத்துகிறது. இந்தப் பூஞ்சைக்குப் பயிர்வாரியாக நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, தக்காளிக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று. மண்ணில் யாருக்கும் தீங்கில்லாமல் வாழும் வகைகளும் உண்டு. தக்காளியை வாடச் செய்யும் வகையையும் தீங்கில்லாத ஒரு வகையையும் ஒரே தட்டில் ஒன்றாக வளர விட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். தீங்கில்லாத வகையில் சிலவற்றுக்கு ஒரு சிறு குரோமோசோம் போய்ச் சேர்ந்தது, அவை தக்காளியை வாடச் செய்தன. 2010இல் இது வெளியானபோது வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் தட்டில் தனித்தனியாகப் பிரித்துப் பிரித்து வைத்தவை மண்ணில் எப்போதும் ஒன்றாகவே கிடக்கின்றன.

துருப்பூஞ்சை வேறு ஒரு வழியில் கலக்கிறது. அதன் செல் ஒவ்வொன்றிலும் இரண்டு உட்கருக்கள். 1998இல் உகாண்டாவில் கண்டுபிடிக்கப்பட்ட யுஜி99 என்ற கோதுமைத் தண்டுத்துரு, அதுவரை உலகமே நம்பியிருந்த எஸ்ஆர்31 என்ற எதிர்ப்பு மரபணுவைத் தாண்டியது. அதன் இரண்டு உட்கருக்களில் ஒன்று, ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பத்தாண்டுகளாக இருந்த இன்னொரு துருவின் உட்கருவேதான் என்று 2019இல் தெரிந்தது. இரு இழைகள் இணைந்து உட்கருவை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

மருந்துக்கும் இதே கதைதான். ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகள் 1996இல் ஐரோப்பியக் கோதுமை வயல்களுக்கு வந்தன. 1998இல் வடக்கு ஜெர்மனியில் சாம்பல் நோய்ப் பூஞ்சை அதைத் தாங்கியது. மருந்து குறிவைத்த புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. புதிய எதிர்ப்பு மரபணு ஒன்றைக் கண்டுபிடித்துப் பயிரில் சேர்க்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடும். அதை ஒற்றை ரகமாக எங்கும் விதைத்தால் சில பருவங்களில் பூஞ்சை தாண்டிவிடுகிறது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இன்னும் வலுவான மரபணு, இன்னும் வலுவான மருந்து என்று தேடுவதில் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கைக்கூட விதைக்கும் முறைக்கு நாம் கொடுப்பதில்லை.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் யுன்னானில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அங்கே விரும்பி வளர்க்கப்படும் பசைநெல் உயரமான பழைய ரகம், குலைநோய் எளிதில் பிடிக்கும். விவசாயிகள் அதற்குப் பலமுறை மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். 1998இல் 812 ஹெக்டேரில், அடுத்த ஆண்டு 3,342 ஹெக்டேரில், குட்டையான ஒட்டுநெல்லின் சில வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை பசைநெல் என்று நட்டார்கள். புதிய மரபணு இல்லை, புதிய மருந்து இல்லை. தனியாக நட்ட பசைநெல்லோடு ஒப்பிட்டால் கலந்து நட்டதில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. உயரமான கதிர்கள் குட்டை நெல்லுக்கு மேலே காற்றில் நின்றன, பனியீரம் சீக்கிரம் காய்ந்தது. பசைநெல் வரிசையிலிருந்து கிளம்பிய வித்துகளில் பெரும்பாலானவை பக்கத்து ஒட்டுநெல்லின் இலையில் போய் விழுந்தன. அங்கேயும் அவை முளைத்திருக்கும், நுனி வளைந்து வீங்கியிருக்கும், கறுத்த குவிமாடம் கட்டியிருக்கும், தன்னிடம் இருந்ததையெல்லாம் அதற்குள் கொட்டியிருக்கும். அந்த நெல்லோ அவற்றை அடையாளம் கண்டுகொண்டது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த விவசாயிகள் குலைநோய்க்கு மருந்து அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.